ஃப்ரீ கிக்குக்கு வால் (பந்த மறிக்க வரிசையா நிக்கிற ஆள் சுவர்) போட்டும் கோல் விழுது, நாளைக்கு செமி ஃபைனல்

தங்கச்சிமடம் ஜெர்சி 7:
அண்ணே அவசரம். ரெண்டு மேட்ச்ல மூணு கோல், மூணுமே ஃப்ரீ கிக். நாலு பேர் வாலா நின்னும் உள்ள போகுது. என்ன தப்பு?

கீழக்கரை காக்கா:
தம்பி, டீமுக்கு ஏழு பேர் ஆடுற செவன்ஸா, பதினோரு பேர் லெவன்ஸா? வாலுக்கு மேலயா, காலுக்கு அடியிலயா? கீப்பர் எங்க நிக்கிறாரு? ஒண்ணுமே சொல்லலையே.

மண்டபம் லெஃப்ட் பேக்:
குதிச்சிருப்பீங்க. 2006ல ஜெர்மனி டீம் வெர்டர் பிரேமன் வால் குதிச்சுச்சு, பார்சிலோனா ரொனால்டினோ அடியில தள்ளிட்டாரு. பின்னால ஒருத்தனப் படுக்கப் போடு.

தொண்டி மணல்:
2018ல பார்சிலோனாகிட்ட இன்டர் மிலான் புரோசோவிச் வாலுக்குப் பின்னால படுத்தது புல்தரையில மாப்ள. நம்ம மணல்ல உருட்டுன பந்து பாதியிலயே நின்னுரும். படுத்தவன் கண்ணுல மண்ணு விழுறதுதான் மிச்சம்.

பழைய ரெஃப்ரி:
இதுக்கு இங்க பத்து தடவ பதில் சொல்லியாச்சு, தேடிப் பாக்குற பழக்கம் யாருக்கும் கிடையாது. வால் பந்துலேருந்து 9.15 மீட்டர் தள்ளி நிக்கணும். வால்ல மூணு பேரோ மேலயோ இருந்தா ஃப்ரீ கிக் அடிக்கிற டீம்காரன் வால்லேருந்து 1 மீட்டர் விலகணும். 2019லேருந்து சட்டம். முதல்ல இதப் படிங்க.

தொண்டி மணல்:
சட்டம் சரிண்ணே. கோல் ஏன் விழுதுன்னுதானே கேட்டான்?

பாம்பன் காத்து:
கச்சான் காத்து அடிக்கிற மாசம். மேல தூக்குனா பந்து தானா வளையும், வால் என்ன செய்யும்?

மண்டபம் லெஃப்ட் பேக்:
இப்ப அடிக்கிறது சோழகக் காத்துய்யா.

பாம்பன் காத்து:
எங்க அப்பா நாப்பது வருசம் கடலுக்குப் போனவரு. கச்சான்தான்.

தங்கச்சிமடம் ஜெர்சி 7:
செவன்ஸ். அடிக்கிறவன் வலது கால். எங்க கீப்பர் பந்துக்குக் கிட்ட இருக்குற கோல் கம்பத்துல நின்னு வால நகத்திக்கிட்டு இருக்கும்போதே அடிச்சிர்றான். மூணும் தூரக் கம்பம். உயரமான ஸ்டாப்பர் (நடு டிஃபென்டர்) வேற மீன்பிடி தடைக்காலம் முடிஞ்சதும் போட்ல போயிட்டான்.

கீழக்கரை காக்கா:
இத மொதல்லயே சொல்ல வேணாமா! வால்ல கோளாறு இல்ல, கீப்பர் நிக்கிற இடந்தான். உங்க ஃபார்வர்டு பந்துக்குப் பின்னால, தூரம் விட்டு நிக்கட்டும். பந்து, கிட்டக் கம்பம் ரெண்டையும் ஒரே கோட்டுல பாத்து, வால்ல கடைசி ஆள அந்தக் கோட்டுக்கு ஒரு ஆள் வெளிய நிறுத்தச் சொல்லணும். கீப்பர் தூரக் கம்பத்துப் பக்கம் கொஞ்சம் சாஞ்சு நின்னா போதும், பந்து அவர் கண்ணுக்குத் தெரியணும். கேப்டன் உடனே ரெஃப்ரிட்ட தூரம் கேக்கட்டும். அவர் அளக்க வந்துட்டா விசில் இல்லாம அடிக்க முடியாது. செவன்ஸ்ல நாலு பேர் வால்னா கீப்பர் போக மிச்சம் ரெண்டு பேர், மத்தவன யாரு பிடிப்பா? ஓரத்துல ரெண்டு, கோலுக்கு நேரா இருந்தா மூணு.

பழைய ரெஃப்ரி:
நான் சொன்னதும் அதான்.

தொண்டி மணல்:
எங்கண்ணே சொன்னீங்க?

தங்கச்சிமடம் ஜெர்சி 7:
2-1 ஜெயிச்சாச்சு. ஃப்ரீ கிக்கே வரல. நன்றி காக்கா.

பாம்பன் காத்து:
காத்து எந்தப் பக்கம் அடிச்சுச்சு? அதச் சொல்லிட்டுப் போ தம்பி.