வீதி முனையில் வாடகைக் கோபுரங்கள்: எதிர்ப்பு மனுவில் கையெழுத்து வைக்கலாமா?

மக்கோவன்_சிவா:

ரொறன்ரோவின் ஸ்காபரோவில், மக்கோவன் வீதிக்குப் பக்கத்துச் சின்னத் தெரு ஒன்றில் இருக்கிறோம். எல்லாம் பழைய பங்களா வீடுகள். முனையில் இருக்கிற பிளாசாவை இடித்துவிட்டு மூன்று கோபுரங்கள் கட்ட விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். உயரமானது 35 மாடி. விற்கிற கொண்டோ இல்லை, முழுக்க வாடகைக்கு. நகரசபையின் அறிவித்தல் பலகையும் வேலியோரம் வைத்தாயிற்று.

பக்கத்து வீட்டு அங்கிள் ஒரு மனுவோடு வீடு வீடாக வருகிறார். பேப்பரில் இருப்பது வாகன நெரிசல், பார்க்கிங், நிழல், பள்ளிக்கூடத்தில் இடமின்மை, கழிவுநீர்க் குழாய். இதில் பாதியோடு எனக்கும் உடன்பாடுதான். ஆனால் பேனையை நீட்டும்போது குரலைத் தணித்து, "வாடகைக்கு வாற சனத்தைப் பற்றித் தெரியும்தானே தம்பி" என்றார். அதுதான் மனதுக்கு ஒத்துவரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அயலட்டையோடு ஏன் பகை, வைத்துவிடுங்கள் என்கிறா மனைவி. அம்மாவுக்கு வேறு கவலை. அவ தனியாக நடந்து போகக்கூடிய இடம் அந்தப் பிளாசா மட்டும்தான். மரக்கறி, மருந்து, தமிழில் கதைக்கிற டொக்டர் எல்லாம் அங்கே.

மனுக் கொடுத்தால் கட்டடம் நிற்குமா? நிற்காதென்றால் வேறு என்னத்தைக் கேட்கலாம்?

எக்ளின்ரன்_ரவி:

வையுங்கோ, யோசிக்காதையுங்கோ. நான் வாடகைக்காரருக்கு எதிரி இல்லை. ஆனால் 2023 ஜூலையில் ரயில் தடம்புரண்டதோடு ஸ்காபரோவுக்குள் ஓடிய மூன்றாவது ரயில் வழித்தடத்தையே மூடிவிட்டார்கள். ஸ்காபரோ சென்ரரில் பின்னேரம் ஐந்தரைக்கு பஸ்ஸுக்கு நின்று பார்த்தவருக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். முதலில் அதற்குப் பதிலாகக் கட்டுகிற சுரங்க ரயிலை ஓட விடட்டும், பிறகு கோபுரம் கட்டட்டும். பிள்ளையள் ஏற்கெனவே போர்ட்டபிள் என்கிற தற்காலிக வகுப்பறையில் இருந்து படிக்குதுகள்.

வெல்லெஸ்லி_அக்கா:

சிவா தம்பி, முதலில் சட்டம். 2024 ஜூனில் ஒன்ராறியோ அரசு 185ஆம் இலக்கச் சட்டமூலத்தை நிறைவேற்றியது. அதன் பிறகு இப்படியான வலய மாற்றத்தை, அதாவது ஒரு காணியில் என்ன, எவ்வளவு கட்டலாம் என்கிற விதியை மாற்றுவதை, நகரசபை அங்கீகரித்தால், அயலில் இருக்கிற நீங்களோ நானோ இப்படியான வழக்குகளை விசாரிக்கிற ஒன்ராறியோ காணித் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்ய முடியாது. கட்டுபவருக்கு அந்தக் கதவு இன்னும் திறந்தே இருக்கிறது. சபை மறுத்தாலும் போகலாம், உத்தியோகபூர்வத் திட்ட (நகரத்தின் நீண்டகாலக் காணித் திட்டம்) மாற்றமும் வலய மாற்றமும் சேர்ந்த விண்ணப்பத்துக்கு 120 நாளில் முடிவு சொல்லாவிட்டாலும் போகலாம். கவுன்சிலர் எங்கள் பக்கம் நின்று "முடியாது" என்று சொன்னாலும், அங்கே போய் வெல்ல அவர்களுக்கு நல்ல சந்தர்ப்பம் உண்டு. "நிறுத்து" என்கிற மனுவை வாங்கி ஃபைலில் போடுவார்கள், அவ்வளவுதான்.

ஏன் கொண்டோ இல்லாமல் வாடகை என்று உங்கள் தெருவில் யாராவது கேட்டார்களா? கொண்டோச் சந்தை படுத்துவிட்டது. அதோடு 2023 செப்டம்பரில் புதிய வாடகைக் கட்டடங்களுக்கு மத்திய அரசு 5% வரியை நீக்கியது, பிறகு மாகாணம் தன்னுடைய 8 வீதத்தையும் நீக்கியது. கணக்கு மாறியதால் வந்த கட்டடம் இது. யாரோ திட்டம்போட்டு உங்கள் தெருவைக் கெடுக்க வரவில்லை.

இனி அங்கிள் குரலைத் தணித்துச் சொன்ன விஷயம். நான் எண்பதுகளின் கடைசியில் வந்து இறங்கியது ரொறன்ரோ நடுநகரத்துக் கோபுரக் குடியிருப்பான சென் ஜேம்ஸ் ரவுணில், வெல்லெஸ்லி வீதிப் பக்கம். ஒரு படுக்கையறை. ஹோலில் மாமா குடும்பம், அறைக்குள் நாங்கள். லிஃப்ற் திறந்தால் ஒரு மாடியில் மீன்குழம்பு மணக்கும், அடுத்த மாடியில் வேறு யாருடையவோ பூண்டுப் பொரியல். எங்கள் சனத்தில் எத்தனை குடும்பம் அங்கேயிருந்து காசு சேர்த்துப் பிறகு ஸ்காபரோவில் வீடு வாங்கியது என்று உங்கள் தெருவிலேயே கேட்டுப் பாருங்கள். அந்த அங்கிளும் முதல்நாளே பங்களாவில் வந்து இறங்கியிருக்க மாட்டார்.

அதற்காகக் கோபுர வாழ்க்கை சொர்க்கம் என்று நான் சொல்ல மாட்டேன். சென் ஜேம்ஸ் ரவுணை அறுபதுகளில் கட்டியபோது அவர்கள் மனதில் இருந்தது தனியாள்களும் இளம் தம்பதிகளும். வந்து நிரம்பியது பிள்ளைகுட்டிக்காரர். பிள்ளைகள் ஓடி விளையாட இடம் போதாது, லிஃப்ற் போதாது, திருத்தவேலைக்கு ஆளும் வராது. 2018 ஆகஸ்டில் அதே பகுதியில், பார்லிமென்ற் வீதியில் ஒரு கட்டடத்தில் மின்தீ பிடித்து ஏறக்குறைய 1,500 பேர் வெளியேறினார்கள். திரும்பிப் போக ஒன்றரை வருடத்துக்கு மேல் எடுத்தது. நான் அதற்கு எப்போதோ முன்பே ஸ்காபரோ வந்துவிட்டேன், ஆனால் தெரிந்த குடும்பங்கள் சொந்தக்காரர் வீட்டுச் சோபாவில் கிடந்ததைக் கண்டிருக்கிறேன். அந்தச் சனத்தை வருத்தியது கட்டடத்தின் உயரமா? பராமரிப்பில்லாத கட்டடம்தானே.

இன்னொன்று. மனுவோடு வருகிறவர்களின் வீட்டுப் பக்கவாட்டைப் பாருங்கள். பேஸ்மென்றுக்குத் தனிக் கதவு, டிரைவ்வேயில் கூடுதலாக ஒரு கார். நானும் பேஸ்மென்ற் வாடகைக்கு விடுகிறேன், அதனால் தயங்காமல் சொல்கிறேன்: முனையில் சில நூறு அப்பார்ட்மென்ற் வந்தால் எங்கள் பேஸ்மென்றுக்குக் கேட்கிற வாடகையைக் குறைக்க வேண்டிவரும். மனுவில் நிழலுக்கு ஒரு வரி உண்டு, இது எந்த வரியிலும் வராது.

சரி, இந்த விண்ணப்பத்துக்கான பொதுக்கூட்டத்தில் என்னத்தைக் கேட்கலாம்? பார்க்கிங்கில் நேரத்தை வீணாக்காதீர்கள். குடியிருப்பாளருக்குக் குறைந்தது இத்தனை இடம் வேண்டும் என்கிற விதியைப் பெரும்பாலும் 2021 டிசம்பரிலேயே ரொறன்ரோ எடுத்துவிட்டது. நிழலைப் பற்றிக் கேட்பதென்றால் கோபுரங்களுக்கு நடுவில் 25 மீற்றர் இடைவெளி இருக்கிறதா, ஒரு தளம் 750 சதுர மீற்றருக்குள் நிற்கிறதா என்று கேளுங்கள். இவை நகரத்தின் உயர்கட்டட வழிகாட்டியில் உள்ள அளவுகள், திட்ட அதிகாரி பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். 'மிகவும் உயரம்' என்று பொதுவாகச் சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

அறைகளைக் கட்டாயம் கேளுங்கள். குறைந்தது 15% இரண்டு அறை, 10% மூன்று அறை என்று நகரத்தின் வழிகாட்டி சொல்கிறது. எங்கள் குடும்பங்கள் பேரப்பிள்ளை, அம்மம்மா என்று இருக்கிறவை. மூன்று அறை அதற்கு மேலும் வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. ஸ்ரூடியோவாகக் கட்டித் தள்ளினால் பிறகு அதற்குள்ளேதான் நாலு பேர் இருப்பார்கள். நான் இருந்தேன்.

அம்மாவின் பிளாசாவை மனுவில் ஒருவரும் எழுதவில்லை, பார்த்தீர்களா? கீழ்த்தளத்தில் எத்தனை கடை, என்ன அளவு? பெரிய வங்கியும் மருந்துச் சங்கிலிக்கடையும் மட்டும் பிடிக்கிற அளவா, எங்கள் மரக்கறிக்கடைக்காரர் திரும்பி வரக்கூடிய அளவா? கட்டி முடிய வருடக்கணக்காகுமே, அதுவரை இப்போதுள்ள கடைக்காரர் எங்கே போவது? என்னைக் கேட்டால் கூட்டத்தில் முதல் கேள்வி இதுதான்.

பர்னபி_குமரன்:

வன்கூவர் பக்கத்துக் கதை ஒன்று. கிற்சிலானோவில் செனாக் என்று 11 கோபுரங்கள், 6,000 வீடுகளுக்கு மேல், பெரும்பாலும் வாடகை. காணி ஸ்குவாமிஷ் முதற்குடிகளுடையது. 1913இல் அவர்களுடைய கிராமத்தைக் காலிபண்ணி வீடுகளை எரித்தார்கள். பின்னாளில் வழக்காடி ஒரு துண்டைத் திரும்ப எடுத்தார்கள். நகரத்தின் வலயச் சட்டம் அங்கே செல்லாது. நகரம் தண்ணீர், வடிகால் சேவை கொடுக்கச் செய்த ஒப்பந்தத்தைத் தங்களிடம் கேட்காமல் செய்ததாக அயல் குடியிருப்பாளர் சங்கம் நீதிமன்றம் போனது. 2023இல் வழக்குத் தள்ளுபடி. அக்கா சொல்வது சரி, நிறுத்துவதற்கு ஓடிய காசையும் நேரத்தையும் அவர்கள் வேறு எதற்காவது செலவழித்திருக்கலாம்.

எக்ளின்ரன்_ரவி:

அக்கா, எல்லாம் சரி, ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்தக் கோபுரத்துக்கு வருகிற சனத்துக்கு வாடகைக் கட்டுப்பாடு கிடையாது. 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆள் குடியேறிய வீட்டுக்கு மாகாணத்தின் வரம்பு செல்லாது. பழைய கட்டடத்தில் 2025இல் 2.5% வரைதான் கூட்ட முடிந்தது, புதியதில் வீட்டுக்காரர் விரும்பினபடி. இதையா சனத்துக்கு வீடு என்கிறோம்?

வெல்லெஸ்லி_அக்கா:

ரவி, இதுதான் மனுவில் எழுத வேண்டிய வரி. அந்தச் சட்டம் நகரத்தின் கையில் இல்லை, குவீன்ஸ் பார்க்கில், அதாவது மாகாணச் சட்டமன்றத்தில் இருக்கிறது. அதனால் கவுன்சிலரிடம் கேட்க வேண்டியது, குறிப்பிட்ட வீதம் வீடுகளைக் கட்டுப்படியான வாடகைக்கு ஒப்பந்தம் எழுதி வைக்கச் சொல்லி. உங்கள் மாகாண உறுப்பினருக்கும் எழுதுங்கள். பஸ் விஷயத்தில் உங்களோடு நான் சண்டைக்கு வரவில்லை, எனக்கும் அந்த பஸ்தான்.

மக்கோவன்_சிவா:

நன்றி அக்கா, ரவி அண்ணா. மனுவில் வைக்கவில்லை, தனியாக எழுதுகிறேன் என்று அங்கிளிடம் சொல்லிவிட்டேன். முகம் கொஞ்சம் கறுத்தது, பரவாயில்லை. யாருக்கு எழுதுவது? அம்மாவும் கதைக்க வேண்டும் என்கிறா, அவவுக்கு ஆங்கிலம் வராது.

வெல்லெஸ்லி_அக்கா:

பலகையில் திட்ட அதிகாரியின் பெயரும் மின்னஞ்சலும் இருக்கும், விண்ணப்ப இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுதும்போது "முடிவை எனக்கும் அறிவிக்கவும்" என்று ஒரு வரி சேருங்கள், கேட்காவிட்டால் அனுப்ப மாட்டார்கள். கடைக்காரரையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள், ஒரே கடிதத்தைப் பிரதி பண்ணி அனுப்பினால் எடுபடாது. அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கவுன்சிலரின் அலுவலகத்தில் இப்போதே கேட்டு வையுங்கள். கிடைக்காவிட்டால் அவ தமிழிலேயே கதைக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.