1663 திம்ஃப் நாணயம்: அடித்ததா, வார்த்ததா?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். போலந்தின் பழைய வெள்ளி நாணயங்களை மெல்ல மெல்லச் சேர்த்து வருகிறேன். போன வாரம் 1663ஆம் ஆண்டு திம்ஃப் ஒன்று கைக்கு வந்தது.

மன்னர் யான் காசிமிர் காலத்து நாணயம். தொடர் போர்களால் கஜானா காலி, படைக்குச் சம்பள பாக்கி. 30 கிரோஷ் (போலந்தின் சில்லறைக் காசு) என்று மதிப்பைப் பொறித்து வெளியிட்டார்கள். உள்ளே இருந்த வெள்ளியோ அதில் பாதிகூடப் பெறாது. 'நாடு காக்கப்பட்டதே இதற்கு விலை, உலோகத்தைவிட அது மேல்' என்ற பொருளில் சுற்றிலும் லத்தீன் வரி. அந்த வரிக்காகவே வாங்கினேன்.

சரி, என் சந்தேகத்துக்கு வருகிறேன். அசல் சுமார் 6.7 கிராம் இருக்க வேண்டும். என்னுடையது 5.4தான். விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஓடுகிறது, எழுத்துகளுக்கு இடையே சின்னச் சின்னக் குழிகள். ஓரத்தை வெட்டி வெள்ளி எடுத்திருப்பார்களோ என்றால், எழுத்து வளையம் முழுசாக இருக்கிறதே! அசல் என்றால் அச்சால் அடித்திருப்பார்கள்; கோடும் குழியும் உலோகத்தை உருக்கி வார்த்ததன் அடையாளம் போலத் தெரிவதால், வார்த்தெடுத்த போலியோ என்று மனசு அடித்துக்கொள்கிறது.

அசல் வைத்திருப்பவர்கள் எடையையும் விளிம்பின் படத்தையும் போட முடியுமா? அப்புறம், அக்சாலையை (நாணயம் அடிக்கும் சாலை) நடத்திய ஆன்ட்ஜெய் திம்ஃபின் ஏ, டி முதலெழுத்துகளை நெருக்கத்தில் எடுத்த படமும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் என்றால்தான் விற்றவரிடம் திருப்பிக் கொடுக்க முடியும்.