ஜார்ஜியா போய் வந்தவர்கள் சொல்லுங்கள்: என் பங்குக்கு அதிஷி ஆறு

ஜார்ஜியாவின் மலைப்பகுதியான ஸ்வானேத்தியிலிருந்து திரும்பி மூன்று வாரம் ஆகிறது. ராத்திரி படுத்தால் இன்னும் அந்த ஆற்றுச் சத்தம் காதில் விழுகிறது. அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பெருநாள் விடுமுறைக்கு ஜார்ஜியா போய் வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. தலைநகர் திபிலீசியில் கந்தக வெந்நீர்க் குளியல், குடவுரியில் பனி, கஸ்பேகியில் மலைமேல் தேவாலயம், நான்காம் நாள் விமானம். என் முதல் பயணமும் அப்படித்தான். நல்ல பயணம்தான். ஆனால் ஒரு வீட்டுத் திண்ணையில்கூட உட்காராமல் திரும்பிவிட்டேன். இந்தத் தடவை வடமேற்கு மூலையில் இருக்கும் ஸ்வானேத்திக்கு மட்டும் போனேன். மெஸ்தியாவிலிருந்து உஷ்குலி வரை நான்கு நாள் நடை, ராத்திரி கிராமத்து வீடுகளில் தங்கல்.

வீட்டோடு ஒட்டிய கல் கோபுரங்கள் நிற்கும் ஊர்கள் அவை. படை வந்தாலும் சரி, குடும்பப் பகையில் பழிக்குப் பழி கிளம்பினாலும் சரி, எல்லோரும் கோபுரத்துக்குள் ஏறி ஏணியை மேலே இழுத்துக்கொள்வார்களாம். 1996-இல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இரண்டாம் நாள் அதிஷியில் தங்கினேன். மிகச் சின்ன ஊர். முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒரு சின்னப் பெண் "மாமா! மாமா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தது. நம் பிள்ளை கூப்பிட்டதுபோலச் சட்டென்று திரும்பினேன். குழந்தை என்னைத் தாண்டி ஓடி, விறகு சுமந்து வந்த அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டது. ஜார்ஜிய மொழியில் மாமா என்றால் அப்பா, தேதா என்றால் அம்மா. எங்கள் ஊரில் மாமா யார் என்று சைகையில் சொன்னேன். அந்த வீட்டு அம்மாள் நெடுநேரம் சிரித்தார். அதற்கப்புறம் நான் அந்த வீட்டில் விருந்தாளியாகவே உணரவில்லை.

அவர்தான் காலையில் சூரியனைக் காட்டி, பனிப்பாறையைக் காட்டி, கையை முழங்காலிலிருந்து இடுப்புக்கு உயர்த்திக் காட்டினார். வெயில் ஏறினால் பனி உருகி ஆறு பெருகும், சீக்கிரம் கிளம்பு என்று அர்த்தம். புரிந்தும் புறப்படத் தாமதித்தேன். அது என் தவறு. ஆற்றங்கரைக்கு வந்தபோது பதினொன்று. சாம்பல் கரைத்ததுபோல நீர், அடி தெரியவில்லை. தண்ணீருக்குள் பாறைகள் உருண்டு ஒன்றோடொன்று மோதும் சத்தம் காலுக்கடியில் அதிர்ந்தது. காவிரிக் கரையில் வளர்ந்தவன் நான். இப்படி ஒரு ஆற்றின் முன்னால் பயந்து நின்றதில்லை.

உள்ளூர்க்காரர் ஒருவர் குதிரையோடு அங்கே நின்றார். கோடையில் நடைக்காரர்களைக் கடத்திவிடுவது அவர்களுக்கு ஒரு பிழைப்பு. பேசிய லாரியை (ஜார்ஜிய நாணயம்) வாங்கிக்கொண்டு என்னைப் பின்னால் ஏற்றினார். நடு ஆற்றில் குதிரை ஒரு கணம் நின்றது, நீர் அதன் வயிற்றைத் தொட்டது. அவர் அதட்டவில்லை. கழுத்தைத் தடவி ஏதோ மெல்லப் பேசினார். குதிரை தானாக அடியெடுத்து வைத்தது.

உங்களுக்கு அங்கே நேர்ந்ததையும் எழுதுங்கள்.

* * *

அண்ணா, நான் திபிலீசியில் மருத்துவம் நாலாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். வந்த புதிதில் இந்தியா என்று சொன்னதும் சிலுவை போட்டுக்கொண்டு "கேத்தவான்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, பிறகுதான் தேடிப் படித்தேன். கிழக்கு ஜார்ஜியாவில் இருந்த காகேத்தி நாட்டு அரசி கேத்தவான், மதம் மாற மறுத்ததற்காக 1624-இல் ஷிராஸ் நகரில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸின் ஆணைப்படி சித்திரவதை செய்து கொல்லப்பட்டவர். அகஸ்தீனியத் துறவிகள் அவருடைய எலும்புகளில் ஒரு பகுதியைக் கோவாவுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். இந்தியத் தொல்லியல் துறை அதை இடிந்த தேவாலயத்தில் கண்டெடுத்தது. ஹைதராபாத் ஆய்வகத்தில் மரபணுச் சோதனை செய்தார்கள். 2021-இல் இந்திய அரசு அந்த எலும்பின் ஒரு பகுதியை ஜார்ஜியாவுக்கு வழங்கியது. அந்தப் பாட்டிக்கு நான் அரசியைப் பத்திரமாக வைத்திருந்த ஊரின் பிள்ளை. ஈஸ்டருக்குச் சிவப்புச் சாயமிட்ட முட்டையை எனக்கும் எடுத்து வைக்கிறார்.

* * *

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு சொல் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: "சமர்க்வோ". ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் விரத உணவுக்கு அங்கே அதுதான் பெயர். இறைச்சி, முட்டை, பால் மூன்றும் இருக்காது. சைவம் என்று விளக்கப் பார்த்தால் கோழியைத் தள்ளி வைத்துவிட்டுத் தருகிறார்கள், இந்தச் சொல்லைச் சொன்னால் உடனே புரிந்துவிடுகிறது. குத்தாயிசி நகரில் எங்களுக்குச் சமைத்த அம்மாள், தானும் அன்று விரதம் என்று சொல்லி எங்களோடே உட்கார்ந்தார். மண்சட்டியில் வெந்த பீன்ஸ் லோபியோ, சோள ரொட்டி, வால்நட் அரைத்துப் பூசிய கத்தரிக்காய், கீரையையும் வால்நட்டையும் சேர்த்துப் பிசைந்த உருண்டை. பூண்டும் கொத்தமல்லியும் தாராளம். என் மாமியார் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். பாலாடைக்கட்டி வைத்த கச்சாபூரி வேண்டுமென்றால் மட்டும் தனியாகக் கேளுங்கள், அது விரதத்தில் வராது.

* * *

வடகிழக்கு மலைப்பகுதியான தூஷேத்தியில் எங்களை ஆட்டுமந்தை நாய்கள் சூழ்ந்துகொண்டன. ஓநாயோடு மோத வளர்த்தவை. ஓடாமல் அப்படியே நின்றோம், மேய்ப்பர் குரல் கொடுத்ததும் விலகின. மந்தையைக் கண்டால் தூரமாகச் சுற்றிப் போங்கள். இன்னொன்று: அந்த மலைக்குப் பன்றி இறைச்சி எடுத்துப் போகாதீர்கள், அங்கே அது விலக்கு. பெண்கள் நெருங்கக்கூடாத கோயில் கற்களும் உண்டு. என் மனைவிக்கு அது வருத்தம்தான், இருந்தாலும் ஊர்க்காரர்கள் சொன்ன இடத்தில் நின்றுகொண்டோம்.

* * *

அதிஷி ஆற்றைப் பற்றி முதலில் எழுதியவன் மறுபடி வருகிறேன். ஆற்றைக் கடக்கக் குதிரைக்கு முன்பதிவு வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். நான் செய்யவில்லை. முந்தின ராத்திரி தங்கும் வீட்டில் சொல்லி வையுங்கள், போதும். அதிஷியிலிருந்து ஆற்றுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். ஏழு மணிக்கு மேல் ஊரில் நிற்காதீர்கள். லாரியைச் சில்லறையாக மெஸ்தியாவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுக் குழந்தைக்கு வண்ணப் பென்சில் அனுப்ப ஆசைப்படுகிறேன். செப்டம்பருக்குள் யாராவது அந்த வழி போனால் சொல்லுங்கள்.