தாத்தா வீட்டு ஜன்னல்களுக்கு நல்ல ஒப்பந்ததாரரைத் தேடி

நான்: அனைவருக்கும் வணக்கம். தாத்தா வீட்டின் 14 மர ஜன்னல்களையும் மழைக்கு முன் சீரமைக்க நினைக்கிறேன். இதுவரை மூன்று ஒப்பந்ததாரர்கள் வந்து பார்த்தார்கள். அவர்களில் இருவர் வாசலில் நின்றபடியே, எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு அலுமினியம் வைத்துவிடலாம் என்றார்கள். மூன்றாமவர் மேலே வண்ணம் பூசினாலே போதும் என்கிறார். யார் சொல்வதை ஏற்பது என்று தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

அத்தை: தம்பி, அந்த மூவரில் ஒருவராவது ஜன்னலைத் தொட்டுப் பார்த்தாரா?

நான்: இல்லை, அத்தை. ஒருவர் அளவு மட்டும் எடுத்தார்.

அத்தை: அப்படியானால் மூவருமே வேண்டாம். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். முதலில் வந்தவர், கீழ்ச்சட்டத்தில் உளுத்திருந்த மரத்தை வெட்டி எடுக்காமலேயே அதன்மேல் மக்கு (புட்டி) வைத்து அடைத்து, இரண்டு பூச்சு வண்ணமும் அடித்துவிட்டுப் போனார். பார்வைக்கு எல்லாம் புதிது போல இருந்தது. இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் அந்த இடத்தை விரலால் அழுத்தினேன். மக்கு முழுவதும் ஒரே பாளமாகக் கையோடு வந்துவிட்டது. உள்ளே இருந்த மரம் ஈரம் ஊறிய பழைய கணக்குப் புத்தகம் போல இதழ் இதழாகப் பிரிந்தது. அன்று எனக்கு அழுகையே வந்தது.

பிறகு வந்த தச்சர் கையில் ஒரு திருப்புளியோடு ஒவ்வொரு ஜன்னலாகக் குத்திப் பார்த்துக்கொண்டே போனார். நல்ல மரத்தில் முனை இறங்காது, உளுத்த மரத்தில் வெண்ணெயில் போவது போல இறங்கிவிடும். அவர் அதிகம் குத்திப் பார்த்தது ஜன்னல் கதவின் கீழ்ச்சட்டத்தையும், கதவைத் தாங்கும் சட்டமான நிலையின் அடிக்கட்டையையும்தான், ஏனென்றால் தண்ணீர் வந்து தங்குவது அங்கேதான். உளுத்த பகுதியை நல்ல மரம் வரும்வரை சாய்வாக வெட்டி எடுத்து, அதே வகை மரத்தை அதே இழையோட்டத்தில் பொருத்தி ஒட்டினார். அந்த ஒட்டு எங்கே இருக்கிறது என்று இன்று என்னாலேயே காட்ட முடியாது.

சின்ன அண்ணன்: அத்தை சொல்வது சரிதான், ஆனாலும் ஓர் ஐயம் இருக்கிறது. இத்தனை பாடுபடுவதைவிடப் புதிய ஜன்னல் வைத்தால் காற்றும் தூசியும் நுழையாமல் நிம்மதியாக இருக்கலாமே?

சித்தப்பா: அந்த வீட்டு மரம் மெதுவாக வளர்ந்து முற்றிய மரம், அதன் இறுக்கம் இப்போது விரைவாக வளர்த்து வெட்டும் மரத்தில் பெரும்பாலும் கிடைப்பதில்லை. காற்று நுழைவது பெரும்பாலும் கதவுக்கும் நிலைக்கும் இடையே உள்ள சந்து வழியாகத்தான். கீலைச் சரிசெய்து, சந்தில் ரப்பர் பட்டையோ தூரிகைப் பட்டையோ பதித்தால் அது பெருமளவு அடங்கிவிடும். பழைய ஜன்னலில் எந்த உறுப்பு கெட்டாலும் அதை மட்டும் கழற்றிச் சரிசெய்யலாம். இரட்டைக் கண்ணாடி ஜன்னலிலோ ஓரத்து அடைப்பு விட்டுப்போனால் இரு கண்ணாடிகளுக்கும் நடுவே ஆவி படியும், அந்தக் கண்ணாடித் தொகுதியையே மாற்றியாக வேண்டும். மாடி அறை ஜன்னல் வழியாகப் பார்த்தால் வெளியே உள்ள மரக்கிளை இலேசாக நெளிவது நினைவிருக்கிறதா? அது பழைய முறையில் செய்த கண்ணாடி. உடைத்துவிட்டால் அதற்கு ஈடானது எளிதில் கிடைக்காது.

பெரிய அக்கா: கண்ணாடியைவிட எனக்குப் பெரிய கவலை பழைய வண்ணம்தான். பல அடுக்குகளாக இருக்கும் அந்த வண்ணத்தில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம், குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். யார் வந்தாலும் வண்ணத்தை எப்படி எடுப்பீர்கள் என்று முதலில் கேள், தம்பி. உலர்ந்த நிலையில் உப்புத்தாள் இயந்திரம் வைத்துத் தேய்ப்பேன் என்றோ, தீச்சுவாலையால் எரித்து எடுப்பேன் என்றோ சொல்பவரை அப்போதே அனுப்பிவிடு. தீயின் சூட்டில் கண்ணாடியும் விரிசல் விடும். தண்ணீர் தெளித்து ஈரமாகச் சுரண்ட வேண்டும், தரையில் பிளாஸ்டிக் விரிப்பு இருக்க வேண்டும், உதிர்ந்ததைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வேலை முடியும்வரை குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதே.

நான்: நன்றி, அக்கா. இதை நான் எண்ணியே பார்க்கவில்லை.

அத்தை: மக்கைப் பற்றியும் கேட்டுப் பார். கண்ணாடி உட்காரும் காடியில், அதாவது மரத்தில் வெட்டிய பள்ளத்தில், வெறும் மரத்தின்மேல் புதிய மக்கை வைத்தால், மரம் அதிலுள்ள எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், மக்கு விரைவிலேயே வெடித்து உதிரும். அதனால் முதலில் காடியில் ஆளிவிதை எண்ணெயோ ப்ரைமரோ பூச வேண்டும். மக்கு மேல்தோல் கட்ட ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதுவரை வண்ணம் பூசக் கூடாது. பூசும்போது வண்ணம் மக்கைத் தாண்டிக் கண்ணாடியின்மேல் 2 மில்லிமீட்டராவது ஏறி நின்றால்தான் தண்ணீர் உள்ளே இறங்காது. மூன்றே நாளில் எல்லாம் முடித்துத் தருகிறேன் என்பவருக்கு இந்த வேலை தெரியாது என்று வைத்துக்கொள்.

*(எட்டு நாட்களுக்குப் பிறகு)*

நான்: நேற்று புதிதாக ஒருவர் வந்தார். நான் கேட்கும் முன்னரே திருப்புளியை எடுத்துவிட்டார். 9 ஜன்னல்களில் இணைப்பை இறுக்கி மக்கு மாற்றினால் போதுமாம், 4 ஜன்னல்களுக்குக் கீழ்ச்சட்டத்தில் ஒட்டு போட வேண்டுமாம். குளியலறை ஜன்னல் ஒன்றை மட்டும் காப்பாற்ற இயலாது, அதே அளவில் புதிதாகச் செய்துவிடலாம் என்றார். அடிக்கட்டையின் அடிப்பக்கத்தில் தண்ணீர் சொட்டுவதற்காக வெட்டிய காடியைச் சிமெண்ட் பூசி யாரோ அடைத்திருக்கிறார்கள், உளுப்புக்கே அதுதான் காரணம் என்று காட்டினார். இத்தனை ஆண்டுகளாக எங்களில் ஒருவர்கூட அதைக் கவனித்ததில்லை.

சித்தப்பா: நல்ல ஆளாகத் தெரிகிறார். ஐந்து ஆண்டுக்கு முன் அவர் செய்த வேலை ஏதாவது இருந்தால் நேரில் போய்ப் பார். புதிதாக முடித்த வேலை எல்லோருடையதும் அழகாகத்தான் இருக்கும்.

நான்: நாளை காலையில் அப்படி ஒரு வீட்டுக்கு அழைத்துப் போகிறார், சித்தப்பா. முதலில் ஒரே ஒரு ஜன்னலைச் செய்து காட்டவும், நமக்கு நிறைவாக இருந்தால் மட்டும் மற்றவற்றைத் தொடங்கவும் சம்மதித்திருக்கிறார். ஒவ்வொரு ஜன்னலுக்கும் என்ன வேலை, என்ன கூலி என்று தனித்தனியாக எழுதித் தரவும், முடிந்த ஜன்னல்களுக்கு மட்டும் பணம் பெற்றுக்கொள்ளவும் ஒப்புக்கொண்டார்.

பெரிய அக்கா: வண்ணத்தை எப்படி எடுப்பாராம்?

நான்: ஈரமாகத்தான் சுரண்டுவேன், கதவுகளைக் கழற்றிப் பின்புறக் கொட்டகையில் வைத்தே செய்வேன் என்றார், அக்கா.

அத்தை: அப்படியானால் கழற்றும் முன் ஒரு வேலை செய், தம்பி. ஒவ்வொரு கதவின் கீல் பக்க ஓரத்திலும் அதற்குரிய நிலையிலும் ஒரே எண்ணை உளியால் சிறிதாகக் கொத்தச் சொல். அத்தனை ஆண்டுகள் ஒன்றோடொன்று தேய்ந்து பொருந்திய கதவும் நிலையும் இடம் மாறினால் எந்தத் தாழ்ப்பாளும் விழாது. பென்சிலால் எழுதினால் சுரண்டும்போது அழிந்துவிடும்.

நான்: நாளைக்கே சொல்லிவிடுகிறேன், அத்தை. முதல் ஜன்னலாக மாடி அறையின் நெளிந்த கண்ணாடி ஜன்னலை விட்டுவிட்டு, கூடத்து ஜன்னலைக் கொடுக்கப் போகிறேன்.