மண்ணெண்ணெய் விலையை முடிவு செய்தது கொழும்பா, வாஷிங்டனா?

கரையூரான்:
2022 ஓகஸ்டில் இலங்கையில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. விடிந்தபோது எங்கள் துறையில் வள்ளங்கள் கரையிலேயே கிடந்தன. மாமா கையிலிருந்த காசுக்கு நான்கு லீற்றர் வாங்கி வந்தார். கடலுக்குப் போக அது போதும், திரும்பி வரப் போதாது. மானியத்தை வெட்டு, செலவுக்கு ஏற்ற விலை வை என்று வாஷிங்டனில் இருக்கும் சர்வதேச நாணய நிதியம் எத்தனை நாடுகளுக்குச் சொல்லியிருக்கிறது! எங்கள் வள்ளத்தைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரத்தை வாஷிங்டனுக்கு யார் கொடுத்தது?

ஐந்தொகை:
அண்ணா, உங்கள் மாமாவின் நட்டம் சின்னதல்ல. ஆனால் நிதியத்துடன் அலுவலர் மட்ட உடன்பாடு, அதாவது முதற்கட்ட இணக்கம், வந்ததே செப்டெம்பர் 1இல். திறைசேரி அதற்கு முன்பே வறண்டுவிட்டது. 2019 டிசெம்பரில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கச் சொன்னது எந்த வெளிநாடு? வருமானம் விழுந்தது. 2020இல் சர்வதேச தரப்படுத்தல் நிறுவனங்கள் நாட்டின் கடன் தரத்தை இறக்கின. வெளிநாட்டாருக்குப் புதிய பிணைமுறி (கடன் பத்திரம்) விற்றுப் பழையதை அடைத்துவந்த நாட்டுக்கு அந்த வழி அடைபட்டது, டொலர் கையிருப்பு கரைந்தது. 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்ததும் கொழும்புதான்.

கரையூரான்:
இருந்த கையிருப்பு எங்கே போனது? 2022 ஜனவரி 18இல், எரிபொருள் வாங்கவே டொலர் தட்டுப்பாடாக இருந்தபோது, 50 கோடி டொலரைப் பிணைமுறிக்காரருக்குக் கட்டினார்கள். வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்த ஏப்ரல் 12 வரை மனம் வரவில்லை. சந்தை கைவிட்டுவிடும் என்ற பயம்! நான் சொல்லும் வெளி அதிகாரம் அந்தப் பயம்தான்.

ஐந்தொகை:
அந்தப் பணத்தைக் கட்டியது பிழை, ஒப்புக்கொள்கிறேன். முன்பே கடனை நிறுத்திவிட்டு நிதியத்திடம் போயிருந்தால் அடி இவ்வளவு பலமாக விழுந்திராது. போகாமல் இருந்ததும் நம் ஆட்சியாளர்களின் முடிவுதானே.

நூல்கண்டு:
நான் ஆடைத் தொழிற்சாலையில் 11 வருடமாகத் தைக்கிறேன். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று எங்கள் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியின் திறைசேரி முறிகளை, அதாவது அரசுக்குக் கொடுத்த கடனை, குறைந்த வட்டிக்கு மாற்றினார்கள். மாறாவிட்டால் அந்த முறிகளின் வருமானத்துக்கான 14 வீத வரி 30 வீதமாகும் என்றார்கள். வங்கிகளிடம் இருந்த திறைசேரி முறிகளைத் தொடவில்லை. கடன் குறைய வேண்டும் என்ற இலக்கு நிதியத்துடையது. அதை யார் பையிலிருந்து எடுப்பது என்று தெரிவு செய்தது கொழும்பு. நீங்கள் இருவரும் ஆளுக்கொரு பாதியை மட்டும் பார்க்கிறீர்கள்.

ஐந்தொகை:
வங்கிகள் ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்தன, சகோதரி. அங்கேயும் கை வைத்திருந்தால் மக்கள் வைப்பை மீளப் பெற வரிசையில் நின்றிருப்பார்கள்.

நூல்கண்டு:
என் வைப்பு சேமலாப நிதியில் இருக்கிறது. எனக்கு 34 வயது. அதை முழுதாக எடுக்க 50 வரை பொறுக்க வேண்டும். நான் எந்த வரிசையில் போய் நிற்பது?