ஒரே சேலை இரண்டு பேருக்கு விற்றுப்போகிறது, உதவி தேவை

வணக்கம். சின்னாளபட்டியில் எங்கள் குடும்பத்துக்குச் சேலைக் கடை. ஜூன் மாதம் வூகாமர்ஸ் (இணையக் கடை நடத்தும் மென்பொருள்) போட்டு ஆன்லைன் ஆர்டர் எடுக்க ஆரம்பித்தோம். கையால் முடிச்சுப் போட்ட சுங்குடியில் ஒரு நிறத்துக்கு ஒரே சேலைதான் இருக்கும். கடையில் அது விற்ற பிறகும் தளத்தில் இருப்பதாகவே காட்டுகிறது.

போன சனிக்கிழமை கவுன்டரில் ஒரு அம்மா கத்தரிப்பூ நிறச் சேலைக்குப் பணம் எண்ணிக்கொண்டிருந்தபோதே, அதே சேலைக்குக் கோவையிலிருந்து ஆர்டர் வந்து விழுந்தது. பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டோம். ஆனால் ஆர்டர் போட்டவர் அதைத் தங்கை வளைகாப்புக்கென்று எடுத்திருந்தார். போனில் அவரிடம் சொல்லவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. இந்த மாதம் இது நான்காவது.

கடை பில்லிங் ஒரு பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஓடுகிறது. ஏபிஐ (வேறு மென்பொருள் அதனோடு நேரடியாகத் தகவல் பரிமாறும் வழி) கிடையாது, எக்செல்லாக எடுக்கலாம், அவ்வளவுதான். இரவில் ஒரு முறை ஏற்றிவந்த ஸ்டாக்கை 15 நிமிடத்துக்கு ஒரு முறை ஏற்றினோம்; கூட்ட நேரத்தில் அதுவும் பத்தவில்லை. பணம் கட்டாத ஆர்டருக்குச் சரக்கைப் பிடித்துவைக்கும் நேரத்தை 60 நிமிடத்திலிருந்து 10 ஆக்கினேன். யுபிஐ பணம் தாமதமாக வந்த இரண்டு ஆர்டர்கள் ரத்தாகிவிட்டன. அப்புறம் 40 சேலைகளைத் தனி பீரோவில் ஆன்லைனுக்கென்று ஒதுக்கினோம். குழப்பம் நின்றது, ஆனால் கடைக்கு வருபவர்களுக்கு எடுத்துப்போட நல்ல நிறங்களே இல்லை. அப்பாவுக்கு அதில் மனமே இல்லை, எனக்கும்தான்.

பில்லிங்கை மாற்றாமல், கவுன்டரில் பார்கோடு ஸ்கேன் ஆன உடனே வூகாமர்ஸில் அந்தச் சேலையின் இருப்பை 0 ஆக்குவது எப்படி?