ஆர்டி 350க்கு டிராக் டயர்: பின்னால் 110 போடலாமா?

இரட்டைப்புகை:
வணக்கம் நண்பர்களே. என்னிடம் 1986 ராஜ்தூத் ஆர்டி 350 இருக்கிறது, லோ டார்க் (சக்தி குறைத்த) வண்டி. இன்ஜின் வேலை முடித்தாயிற்று, அடுத்த மாதம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் பழைய வண்டிகளோடு ஓட்டப் போகிறேன். நேர்பாதையில் 130ஐத் தாண்டிப் போகும், அதன் பிறகு வரும் சி1 என்ற முதல் வளைவில் பின்பக்கம் மெல்ல நெளிகிறது, வயிற்றைப் பிசைகிறது. இப்போது இருப்பது சாதாரணத் தெரு டயர், முன்னால் 3.00-18, பின்னால் 3.50-18 (அகலமும் ரிம் விட்டமும் அங்குலத்தில்). ரிம் பழைய ஒரிஜினல். பின்னால் 110/80-18 (அகலம் 110 மி.மீ.) ரேஸ் டயர் போட்டால் பிடிப்பு கூடுமா? நண்பன் வண்டியில் பார்க்கவும் நன்றாக இருக்கிறது.

சோழவரம்_வாசி:
தம்பி, 110ஐ அந்த ரிம்மில் ஏற்ற வேண்டாம். உங்கள் பின் ரிம் அகலம் 1.85 அங்குலம், முன்னால் 1.60. 110/80-18க்குக் குறைந்தது 2.15 வேண்டும், 2.50 இருந்தால்தான் டயர் தன் வடிவத்தில் உட்காரும். ஒல்லி ரிம்மில் தடித்த டயரை மாட்டினால் இரண்டு பக்கமும் உள்ளே இழுபட்டு நடுமுதுகு கூராகிவிடும், சாய்க்கும்போது தரையைத் தொடும் ரப்பர் கூடுவதற்குப் பதில் குறையும், பக்கச்சுவரும் நெளியும். இப்போது உங்களுக்கு இருக்கிற அதே நெளிவு இன்னும் மோசமாகும். அகலம்தான் பிடிப்பு என்ற நினைப்பால் வண்டியைக் கெடுத்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, இதே ரிம்மில் 3.00, 3.50 அளவிலேயே நல்ல டயர். இல்லையென்றால் முன்னால் 1.85, பின்னால் 2.15 ரிம் வாங்கி ஸ்போக் கட்டி, 90/90-18, 100/90-18 போடுங்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், பிரிட்ஜ்ஸ்டோன் பிடி46, ஏவான் ரோட்ரைடர் மாதிரி டயர்களுக்கு வாசல் திறக்கும். எதுவானாலும் முன்னும் பின்னும் ஒரே கம்பெனி ஜோடியாக எடுங்கள்.

அப்புறம் பக்கச்சுவரில் வேக எழுத்தைப் பாருங்கள். பி (P) என்றால் மணிக்கு 150 கி.மீ., எஸ் 180, எச் 210, வி 240. உங்கள் தெரு டயர் பி ஆக இருந்தால் நேர்பாதையில் அதன் எல்லையை உரசிக்கொண்டு போகிறீர்கள். எச்சுக்குக் கீழே வேண்டாம்.

இந்த வண்டிகளின் காலத்தில் டயரின் பெயரே வேகத்தைச் சொல்லும். 1969இல் மால்கம் அப்ஹில் ட்ரையம்ப் போனவில்லில் ஐல் ஆஃப் மேன் புரொடக்ஷன் டிடி பைக் பந்தயத்தில் சராசரி மணிக்கு 100 மைலுக்கு மேல் ஒரு சுற்று ஓட்டினார், டயர் டன்லப் கே81. அதிலிருந்துதான் அதற்கு டிடி100 என்று பெயர். அது ஒன்றும் யானைக்கால் டயர் இல்லை.

டியூப்லெஸ்_இல்லை:
தேதியைப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள், 1423 என்றால் 2023இன் 14வது வாரம். மூன்றே எண் இருந்தால் 2000க்கு முந்தையது, கையால் தொடக்கூட வேண்டாம். எனக்கு ஒரு கடையில் "புது ஸ்டாக்" என்று ஒன்பது வருட டயரைத் தலையில் கட்டினார்கள். பள்ளம் அப்படியே புதிதாக இருந்தது, ஆனால் ரப்பர் பிளாஸ்டிக் மாதிரி ஆகியிருந்தது, மூன்றாவது சுற்றில் முன்பக்கம் வழுக்கி விழுந்தேன், தோள்பட்டை எலும்பு போயிற்று.

சுத்தமான ரேஸ் காம்பவுண்டும் (பந்தய ரப்பர் கலவை) உங்களுக்கு இப்போது தேவையில்லை. சூடாகி ஆறி, சூடாகி ஆறி சீக்கிரமே இறுகிவிடும், மாதம் ஒருமுறை ஓட்டுகிறவருக்குக் காசு வீண்.

காற்றை ஓடி வந்த சூட்டிலும் அளந்து எழுதி வையுங்கள். காலையில் வைத்ததைவிட ரொம்ப ஏறியிருந்தால் குறைவாக வைத்துக் கிளம்பியிருக்கிறீர்கள் என்று அர்த்தம், டயர் அதிகம் மடங்கிச் சூடாகியிருக்கிறது.

இரட்டைப்புகை:
அண்ணா, இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டுமே பி. பின் டயர் 3115, முன் டயர் 0817. இதை வைத்துக்கொண்டா இத்தனை நாள் ஓட்டினேன்! ரிம் மாற்றிவிடுகிறேன், 90, 100 ஜோடி, எச். பழைய டியூபையே போடலாமா?

சோழவரம்_வாசி:
கூடாது. புது டியூப், புது ரிம் டேப், உள்ளே கொஞ்சம் டால்கம் பவுடர். பழைய டியூப் விரிந்திருக்கும், மடிப்பு விழுந்து கிழியும். வால்வு நட்டை ரிம்மோடு இறுக்காமல் மேலே மூடி பக்கம் ஏற்றி விடுங்கள். ஒவ்வொரு முறை பிட்டுக்கு வரும்போதும் வால்வு நேராக நிற்கிறதா என்று பாருங்கள், சாய்ந்திருந்தால் டயர் ரிம்மில் நகர்கிறது, அப்படியே ஓட்டினால் வால்வு பிய்ந்து ஒரே நொடியில் காற்று போய்விடும். முதல் நாலு சுற்று மெதுவாக, சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். புது டயரின் மேல் பளபளப்பு போகும்வரை சி1இல் அவசரம் வேண்டாம்.